ரிட்டர்ன் என்று எழுதினேன், அது நிற்கவில்லை



நம் படிப்பு நிதியின் வருடக் கணக்கு டிசம்பர் முதல் வாரத்தில் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். ஜனவரி கடைசியில்தான் வந்தது. "என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று பத்துப் பதினைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். கொழுந்தனார்கூட மதுரையிலிருந்து போன் போட்டு விசாரித்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஒரு தப்பு செய்துவிட்டேன். அதைச் சரி செய்ய ஏழு வாரம் ஆனது. பணம் கொடுக்கிறவர்கள் நீங்கள், அதனால் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் விஷயம் நிறைய வரும். தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரிதான் எழுதியிருக்கிறேன். 35 வருஷம் அந்த வேலையைத்தானே பார்த்தேன்.

நான் ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் கொரோனா வந்தது. பேரனுக்கு வீட்டிலேயே ஆன்லைன் வகுப்பு. அதில் பைத்தான் என்ற கணினி மொழி சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் திரையில் "எக்ஸ் = எக்ஸ் + 1" என்று வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், இது தப்புடா. ரெண்டு பக்கமும் எக்ஸை எடுத்துட்டா சைபரும் ஒண்ணும் சமம்னு ஆயிடும்" என்றேன். "அம்மாச்சி, இது கணக்கு இல்ல. எக்ஸ்ங்கிற பெட்டியில இருக்கிறதோட ஒண்ணைக் கூட்டி அதே பெட்டியில போடறது" என்றான். அவன் சொன்னது சரிதான். ஆனாலும் சமக்குறியை இப்படிப் பயன்படுத்துவதை என் மனசு ஏற்கவில்லை. அந்தக் குறியை எத்தனை பிள்ளைகளுக்குத் தராசு படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன்!

இதை என் பழைய மாணவன் ஒருவனிடம் புலம்பினேன். 1996இல் ஐந்தாம் வகுப்பு. இப்போது பெங்களூரில் மென்பொருள் வேலை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான், அவன் வகுப்புக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். "டீச்சர், உங்களுக்குப் பைத்தான் ஒத்துவராது. ஹாஸ்கெல் படிங்க. அதுல சமம்னா சமம்தான். ஒரு பேருக்கு ஒரு மதிப்பு சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியாது" என்றான். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் வீடியோ காலில் சொல்லித்தந்தான். நான் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த நாளில் அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது என்னிடம் கற்றதுதான்.

ஹாஸ்கெல் என்பது ஒரு மனிதரின் பெயர். ஹாஸ்கெல் கரி என்ற அமெரிக்கத் தர்க்கவியலாளர், 1982இல் காலமானவர். 1987இல் அமெரிக்காவில் போர்ட்லேண்ட் நகரில் நடந்த மாநாட்டில் சில பேராசிரியர்கள் கூடி, ஆளாளுக்கு ஒரு மொழி வைத்திருப்பதை விட்டு எல்லோருக்கும் பொதுவாக ஒன்று செய்வோம் என்று முடிவு செய்தார்கள். 1990இல் அதன் முதல் வரையறை வந்தது. நம் பத்தாம் வகுப்புக் கணக்கில் "உறவுகளும் சார்புகளும்" என்று வருமே, அந்தச் சார்புதான் இதன் அடிப்படை. ஒன்றைக் கொடுத்தால் ஒன்று வரும். அதே ஒன்றைக் கொடுத்தால் எப்போதும் அதேதான் வரும். எனக்குச் சொந்த ஊருக்குப் போன மாதிரி இருந்தது.

இரண்டு வருஷம் படித்தபின் நிதிக் கணக்கையே அதில் போட ஆரம்பித்தேன். எக்செல் போதாதா என்று கேட்பீர்கள். போதும்தான். ஆனால் படித்ததை எங்காவது பயன்படுத்த வேண்டாமா?

நிரல் சின்னதுதான், 60 வரி இருக்கும். பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் நிரலின் பெயரைத் தட்டி, அதன் பின்னால் கோப்புகளின் பெயர்களைத் தட்ட வேண்டும். பழைய பேரேடு ஒன்று, அந்த மாத வரவு செலவு ஒன்று. நிரல் இரண்டையும் படித்து, சேர்த்து, கூட்டி, "பேரேடு" என்று புதிய கோப்பாக எழுதும். இதைச் சுற்றி மூன்று கட்டளைகள் கொண்ட ஒரு சின்னக் கட்டளைத்தாளும் வைத்திருந்தேன். முதல் வேலை, இருக்கிற பேரேட்டை "பழையது" என்ற பெயரில் நகலெடுப்பது. இரண்டாவது, நிரலை ஓட்டுவது. மூன்றாவது, நிரல் வெற்றியாக முடிந்தால் மட்டும் புதிய பேரேட்டைப் பென் டிரைவில் போடுவது. எவ்வளவு பாதுகாப்பு என்று எனக்கே பெருமை. அந்தப் பெருமையில் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். கவனியுங்கள், இதுதான் முதல் தப்பு.

கோப்பின் பெயரைத் தட்ட மறந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்திருந்தேன். நிரலின் தொடக்கத்திலேயே ஒரு சோதனை: பெயர் எதுவும் தரப்படவில்லை என்றால் "கோப்பின் பெயரைத் தரவில்லை" என்று திரையில் எழுது, பிறகு ரிட்டர்ன். அவ்வளவுதான். பேரனின் பைத்தான் புத்தகத்தில் ரிட்டர்ன் என்றால் அந்த வேலையை அதோடு விட்டுவிட்டுத் திரும்பிப் போ என்று பொருள். சி மொழியிலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் பஸ் ஏறுகிற யாருக்கும் ரிட்டர்ன் என்றால் திரும்புவதுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நவம்பர் கடைசி. இரவு ஒன்பது மணி. கட்டளையைத் தட்டும்போது போன் வந்தது, சம்பந்தி அம்மா. பேசிக்கொண்டே பெயர்களைத் தட்டாமல் என்டரை அழுத்திவிட்டேன். திரையில் "கோப்பின் பெயரைத் தரவில்லை" என்று வந்தது. சரி, நின்றுவிட்டது என்று நினைத்தேன். அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது. "மொத்த வரவு 0. மொத்தச் செலவு 0. பேரேடு எழுதப்பட்டது."

நிற்கவே இல்லை. பெயர் தரவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போய், இல்லாத கோப்புகளையெல்லாம் படித்து (ஒன்றும் இல்லாததால் படிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை), ஒன்றுமில்லாததைக் கூட்டி, சைபர் என்று விடை கண்டு, வெறும் பேரேட்டை எழுதி வைத்துவிட்டது.

அப்போதுகூட முழுக்கப் போய்விடவில்லை. "பழையது" என்ற நகல் பத்திரமாக இருந்தது. கை நடுங்கியது. போனை வைத்துவிட்டு, அவசரமாக இந்த முறை பெயர்களைச் சரியாகத் தட்டி மறுபடி ஓட்டினேன். அந்தக் கட்டளைத்தாளின் முதல் வேலை என்ன? இருக்கிற பேரேட்டைப் "பழையது" மேல் நகலெடுப்பது. வெறும் பேரேடு பழையதை அழித்துக்கொண்டு உட்கார்ந்தது. சரி, பென் டிரைவ் இருக்கிறதே என்று செருகிப் பார்த்தால் அதிலும் வெறும் பேரேடு. முதல் ஓட்டத்திலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, ஏனென்றால் நிரல் "வெற்றியாக" முடிந்ததாகச் சொல்லியிருக்கிறது.

38 பேர் கொடுத்த பணம். 11 பிள்ளைகளின் கட்டணம். நோட்டை நிறுத்திய நாளிலிருந்து மூன்று வருஷம் சொச்சம். அன்று இரவு தூங்கவில்லை. ஒரு பைசாவைக்கூட நான் தொடவில்லை, வங்கியில் பணம் அப்படியே இருக்கிறது. ஆனால் கணக்குக் காட்ட முடியாதவரிடம் இருக்கிற பணத்தைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை பெங்களூருக்குப் போன் போட்டேன். அவன் என் நிரலைத் திரையில் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டீச்சர், தப்பு என்னோடது. ரிட்டர்னைப் பத்தி முதல் மாசமே அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றான். அவன் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஹாஸ்கெலில் இரண்டு விதமான சமாச்சாரங்கள் உண்டு. 5, "ராமு", 3.14 போன்ற வெறும் மதிப்புகள் ஒரு விதம். திரையில் எழுது, கோப்பைப் படி போன்ற செயல்கள் இன்னொரு விதம். செயலுக்கான இடத்தில் வெறும் மதிப்பை வைக்க முடியாது. ஆகவே ஒரு மதிப்பைச் செயல் போலத் தோன்றும்படி ஓர் உறைக்குள் போட வேண்டும். அந்த உறையில் போடுகிற வேலைக்குத்தான் அவர்கள் ரிட்டர்ன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். விடைத்தாளை உறையில் போட்டு மேசையில் வைக்கிறோம். வைத்ததனால் பரீட்சை முடிந்துவிட்டதா? இல்லை. அடுத்த கேள்விக்குப் போகலாம். யாரும் அந்த உறையை எடுக்காவிட்டால் அது அப்படியே குப்பைக்குப் போகும். என் ரிட்டர்ன் ஒரு காலி உறையை மேசையில் வைத்தது. நிரல் அதைத் தாண்டி நடந்து போனது. இதே வேலைக்கு "பியூர்" என்று இன்னொரு பெயரும் உண்டாம். அதைச் சொல்லித்தந்திருந்தால் எனக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது.

அப்படியானால் பாதியில் நிறுத்த என்ன வழி? நிரலாளர்களுக்கு இது அன்றாட வேலை. தவறான பெயர், இல்லாத கோப்பு, உதவி கேட்டுத் தட்டிய சொல், இப்படி எதற்காவது பாதியிலேயே வெளியேற வேண்டியிருக்கும். சிஸ்டம்.எக்ஸிட் என்ற தொகுப்பில் அதற்கான கருவிகள் இருக்கின்றன. எக்ஸிட்சக்சஸ் என்றால் நல்லபடியாக முடித்துக்கொள். எக்ஸிட்ஃபெயிலியர் என்றால் தோல்வி என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள். எக்ஸிட்வித் என்றால் எந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் போக வேண்டுமோ அதைச் சொல்லிவிட்டுப் போ. நான்காவதாக ஒன்று இருக்கிறது, "டை". ஒரு செய்தியைப் பிழைகளுக்கான தனி வழியில் எழுதிவிட்டு 1 என்ற எண்ணோடு நிரலை முடிக்கும். வசதியானதுதான். ஆனால் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லாத வார்த்தையை நிரலைப் பார்த்தும் எனக்கு எழுத வரவில்லை. எக்ஸிட்வித்தையே வைத்துக்கொண்டேன்.

அந்த எண் விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எந்த நிரலும் முடியும்போது தன்னைக் கூப்பிட்டவரிடம் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும். லினக்ஸ் போன்றவற்றில் 0 முதல் 255 வரை. 0 என்றால் வெற்றி. மற்றதெல்லாம் தோல்வி. "சைபர் வாங்கினா பாஸா? இது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டேன். "டீச்சர், சரியா முடியறதுக்கு ஒரே வழிதான். தப்பா போறதுக்கு ஆயிரம் வழி. அதனால வெற்றிக்கு ஒரு எண் போதும், மிச்சம் எல்லாம் தோல்விக்குக் காரணம் சொல்ல" என்றான். 1 என்றால் பொதுவான தப்பு, 2 என்றால் பெயரைத் தப்பாகக் கொடுத்தாய், 3 என்றால் கோப்பு இல்லை என்று நாமே ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம். இதில் ஹாஸ்கெல் கண்டிப்பாகவே இருக்கிறது. தோல்வி என்று சொல்லிவிட்டு எண்ணுக்கு 0 போட்டால் ஏற்காது, அதையே ஒரு பிழையாகச் சொல்லும்.

என் நிரல் செய்தது இதற்கு நேர் எதிர். தப்பு நடந்ததைத் திரையில் சொன்னது. ஆனால் தானாகக் கடைசி வரிவரை ஓடி முடிந்ததால் 0 கொடுத்துவிட்டுப் போனது. திரையில் இருப்பதை நான் படிப்பேன், கட்டளைத்தாள் படிக்காது. அதற்கு அந்த எண் மட்டும்தான் தெரியும். 0 வந்தது, பென் டிரைவுக்கு நகல் போனது.

இன்னொன்றும் சொன்னான். எக்ஸிட்வித் என்பது மின்விசிறியின் சுவிட்சை அணைப்பது போல இல்லை. அது உள்ளே ஒரு விதிவிலக்கை, ஒரு அபாயக் குரலை எழுப்புகிறது. அந்தக் குரல் உள்ளேயிருந்து வெளியே ஒவ்வொரு அடுக்காகப் போகிறது. போகிற வழியில் "நான் முடிந்தாலும் சரி, இடையில் நின்றாலும் சரி, இந்தக் கோப்பை மூடிவிட்டுத்தான் போவேன்" என்று ஃபைனலி, பிராக்கெட் போன்றவற்றால் எழுதி வைத்திருந்தால் அந்த வேலைகளெல்லாம் ஒழுங்காக நடக்கும். கடைசியில் நிரலின் வாசலுக்கு வந்ததும் அந்த எண்ணைக் கொடுத்துவிட்டு முடியும். பாதியில் போனாலும், வாங்கிய பொருளைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிற ஒழுங்கு அது.

அதில் ஓர் ஆபத்தும் உண்டு. வழியில் எவராவது "எந்தக் குரல் வந்தாலும் நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று ஒரு கேட்ச் வைத்திருந்தால், வெளியேறும் குரலும் அதில் மாட்டிக்கொள்ளும். நிரல் நிற்காமல் தொடரும். திருத்திய நிரலில் நான் அதையும் செய்தேன் என்றால் நம்புவீர்களா? எந்தப் பிழைக்கும் நிரல் விழக்கூடாது என்று மொத்தமாக ஒரு வலை கட்டியிருந்தேன். ஓட்டிப் பார்த்தால் "ஏதோ பிழை: எக்ஸிட்ஃபெயிலியர் 2" என்று அச்சிட்டுவிட்டு மேலே ஓடியது. வெளியே போகிற பிள்ளையைக் கேட்டில் நிறுத்தி வகுப்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். நல்ல வேளை, இந்த முறை மாதிரிக் கோப்புகளை வைத்துத்தான் சோதித்தேன். எந்தப் பிழை வரும் என்று தெரியுமோ அதை மட்டும் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் பிடிக்கிறேன் என்று நிற்கக்கூடாது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்கெலில் ஒவ்வொன்றும் தான் என்ன வகை விடை தரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். எண் தருவேன், சொல் தருவேன் என்று. ஆனால் எக்ஸிட்வித் "நீ எந்த வகை கேட்டாலும் தருவேன்" என்று சொல்கிறது. "இது ஏமாத்து வேலை இல்லையாடா?" என்றேன். "அது திரும்பி வரப்போறதே இல்ல டீச்சர். வராதவன் எதை வேணாலும் தர்றேன்னு சொல்லலாம்" என்றான். அதனால்தான் அதை நிரலில் செயலுக்கான எந்த இடத்திலும் பொருத்த முடிகிறதாம்.

கடைசியில் அவன் காட்டிய வழியில், பாதியில் நிறுத்த வேண்டிய தேவையே கிட்டத்தட்ட இல்லாமல் போனது. முதலிலேயே இரண்டு கிளை. சரியாக இரண்டு பெயர் வந்திருந்தால் கணக்கு வேலை முழுவதும் அந்தக் கிளைக்குள். வேறு எப்படி வந்திருந்தாலும் செய்தி சொல்லிவிட்டு 2 என்ற எண்ணோடு வெளியே. பேரேட்டை எழுதுகிற வரி இரண்டாவது கிளையில் கிடையவே கிடையாது. தப்பித் தவறியும் அங்கே போக முடியாது. சார்புவழி மொழிகளில் இதுதான் நல்ல பழக்கமாம்: நடுவில் குதித்து ஓடாதே, எந்த நிலையில் எந்த வழி என்று முதலிலேயே பிரித்து வை.

நிரலைத் திருத்தியாயிற்று. கணக்கு?

வங்கிப் புத்தகத்தை வைத்துப் பெரும்பகுதியை எடுத்தேன். வாட்ஸ்அப் செய்திகளைத் தேடி, எந்தப் பிள்ளைக்கு எந்த மாதம் கட்டினோம் என்று எழுதினேன். பள்ளிக்கூட ரசீதுகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தன, அது என் பழக்கத்துக்கு நன்றி. மீதி இருந்தது ரொக்கமாக வந்த பணம். ரொக்கம் கொடுப்பவர் நம்மில் ஒரே ஒருவர்தான். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வந்து கவரில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். கவரில் பெயர் இருக்காது, தொகை இருக்காது. எண்ணி நான்தான் எழுதிக்கொள்வேன்.

"வந்து கொடுப்பார்" என்று மரியாதையாக எழுதுகிறேன். போனில் "என்னடா" என்றுதான் பேசுவேன். அவன் 1990இல் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். முழுப் பரீட்சைக்கு முன்னாலேயே நின்றுவிட்டான். இப்போது வெளியூரில் சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான்.

விஷயத்தைச் சொல்லி, "மூணு பொங்கலுக்கு எவ்வளவு கொடுத்தேன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "எனக்கு எங்க டீச்சர் ஞாபகம். நீங்க நோட்டுல எழுதி வைக்கலையா? நான் பள்ளிக்கூடம் வராம நின்னப்ப மட்டும் உடனே செவப்பு மையில எழுதிட்டீங்க!"

விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குத் தொண்டை அடைத்தது.

வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போட்டது நான்தான். சேர்க்கை நீக்கல் பதிவேட்டில், பள்ளியை விட்டு நின்ற காரணம் என்ற கலத்தில் "தொடர்ந்து வராமை" என்று எழுதியதும் நான்தான். வராமல் போனதற்குக் காரணம், வராமை! 34 வருஷமாக அதில் எனக்குத் தப்பே தெரியவில்லை. அந்தக் கலத்தை எல்லோரும் அப்படித்தான் நிரப்பினோம்.

"ஏன்டா நின்னே?" என்று கேட்டேன். 34 வருஷம் கழித்து.

"அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல முன்பணம் வாங்கிட்டாரு டீச்சர். அக்கா கல்யாணத்துக்கு. நானும் தங்கச்சியும் போய்க் கழிக்கணும்னு பேச்சு. விடியறதுக்கு முன்னாடி வேன் வந்துரும். நீங்க மணியடிக்கிற நேரத்துக்கு நான் குச்சி அடுக்க ஆரம்பிச்சு மூணு மணி நேரம் ஆயிருக்கும்."

தீப்பெட்டி வேலையில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வைக்கக்கூடாது என்று 1986லேயே சட்டம் வந்துவிட்டது. அது எனக்குத் தெரியும். விடியற்காலை வேன் போகும் சத்தமும் தெரியும், என் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். அதில் என் வகுப்புப் பையன் உட்கார்ந்திருக்கிறான் என்பது மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் போகவில்லை. அவன் வீடு பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிட நடை.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமேடா" என்றேன்.

"சொல்ல வந்தேன் டீச்சர். நீங்க அன்னைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தீங்க. பள்ளிக்கூடத்துக் கதைப் புத்தகம் ஒண்ணு, சாக்பீஸ் அலமாரி சாவி, ரெண்டையும் உங்க மேசையில வச்சுட்டுப் போனேன். நான்தான வகுப்புத் தலைவன்? சாவி எங்கிட்ட இருந்துச்சு."

அந்தச் சாவி எனக்கு ஞாபகம் இருக்கிறது. மேசையில் கிடந்தது. பையன் மறந்து வைத்துவிட்டான், நாளைக்கு வந்ததும் நாலு திட்டு திட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு டிராயரில் போட்டேன். நாளைக்கு அவன் வரவில்லை.

போகும்போது அவன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறான். வாங்கியதைத் திருப்பி வைத்திருக்கிறான். சேதியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வாங்கிப் பார்க்க வேண்டிய இடத்தில் இருந்தவள் பார்க்கவில்லை. பெங்களூர்க்காரன் அந்த எண்களைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று சொன்னான், அன்று எனக்கு உறைக்கவில்லை: "நிரல் எவ்வளவு ஒழுங்கா எண் கொடுத்தாலும், கூப்பிட்டவங்க அதைப் பார்க்கலைன்னா ஒண்ணும் பிரயோஜனம் இல்ல டீச்சர்."

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அய்யோ, என்ன டீச்சர் நீங்க. ஏழாப்பு வரைக்கும் நீங்க சொல்லித்தந்த கோணமும் அளவும்தான் இன்னைக்கு வரைக்கும் சோறு போடுது" என்றான். அது அவன் பெருந்தன்மை. என் கணக்கில் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. அவன் தங்கை நாலாம் வகுப்போடு நின்றவள். அவளைப் பற்றிக் கேட்டேன். மகள் இப்போது நர்சிங் படிக்கிறாளாம். அந்தப் பிள்ளையின் கடைசி வருடக் கட்டணத்துக்கு நம் நிதியிலிருந்து உதவ முடியுமா என்று நானே கேட்டேன். அவன் வேண்டாம் என்றான். பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

மூன்று பொங்கல் தொகையை அவன் மனைவியின் டைரியில் பார்த்து இரண்டு நாள் கழித்துச் சொன்னார்கள். ஒரு வருஷத்துக்கு மட்டும் டைரியில் இல்லை. அந்த வருடம் வங்கியில் நான் ரொக்கமாகக் கட்டிய தொகையை வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். உங்களுக்கு அனுப்பிய அறிக்கையில் அந்த வரிக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருக்கிறேன். இருப்பு வங்கியோடு ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகிறது. ஆனாலும் ஒவ்வொருவரும் உங்கள் பெயருக்கு நேரே உள்ள தொகையைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். சரி என்றாலும் சரி என்று சொல்லுங்கள். பதில் வராததை நான் சரி என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இனி நடக்கப்போவது:

நோட்டில் எழுதுவது மறுபடி தொடங்கிவிட்டது. ஒவ்வொரு மாதமும் பேரேட்டின் நகல் அந்தந்த மாதப் பெயரில் தனித்தனியாக இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று எழுதாது. நிரல் ஏதாவது தப்பு என்றால் உடனே நிற்கும், காரணத்துக்கான எண்ணோடு நிற்கும். அந்த எண்களின் பட்டியலைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

நிதி பெறும் பிள்ளைகள் பட்டியலில் புதிதாக ஒரு கலம் சேர்த்திருக்கிறேன். எந்தப் பிள்ளையாவது நடுவில் நின்றால், வீட்டுக்கு யார் போய்ப் பார்த்தது, அவர்கள் சொன்ன காரணம் என்ன என்று அதில் எழுத வேண்டும். "வராமை" என்று எழுதினால் நிரல் அதை ஏற்காது. அப்படி ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பெங்களூர்க்காரன் பார்த்துச் சிரித்தான், ஆனால் நீக்கச் சொல்லவில்லை.

என்னிடம் படித்து, பாதியில் நின்று, நான் கேட்காமல் விட்டவர்கள் இன்னும் இருப்பார்கள். இதை யாராவது அவர்களுக்குக் காட்டுங்கள். போன் நம்பர் பழையதுதான். மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிட்டால் எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்